கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை! - உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் காண ஒரு பயணம்

நிலத்தில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் நிலையையும் அவர்கள் அடைந்த முடிவையும் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஆயினும், பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் நாடிச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் மலைவாசத் தலங்களாகவும் கடற்கரைகளாகவும் கடைத்தெருக்களாகவுமே இருக்கின்றன. கண்ணுக்கு விருந்து கிடைக்கிறது. கருத்துக்கு ஏதும் கிடைப்பதில்லை. செலவு குறைவாகவும், திரும்பி வந்தபின் வீட்டில் பேசிச் சிந்திப்பதற்கு ஏதேனும் மிஞ்சுவதாகவும் ஒரு பயணம் வேண்டும் என்று எண்ணுவோருக்கு, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரை இக்கட்டுரை வழியாக அறிமுகம் செய்ய விழைகின்றோம்.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. பாலாற்றையும் செய்யாற்றையும் அடுத்தடுத்துக் கடந்து செல்லும் சாலை. ஆண்டின் பெரும்பகுதி இவ்விரு ஆறுகளிலும் மணலே கண்ணுக்குத் தெரியும். எனினும் இருபுறமும் நெல்வயல்கள் பசுமை காட்டுகின்றன. காரணம், மழைக்காலத்து நீரைத் தேக்கி வைக்க நம் முன்னோர் வெட்டிய ஏரிகள். அந்த ஏரிகளைக் காத்தவர் யார்? அதற்கான செலவை நிர்வகித்தவர் யார்? அவர்கள் தவறு செய்தால் கேட்டவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை உத்திரமேரூரின் கற்களில் எழுதப்பட்டிருக்கிறது.

ஊரும் கல்வெட்டும்

உத்திரமேரூர் பல்லவ மன்னர் காலத்திலேயே, எட்டாம் நூற்றாண்டில், வேதம் கற்ற அந்தணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர். உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் என்பது அதன் பழம்பெயர். ஊர் நடுவே நிற்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் சுவர்களில்தான் புகழ்பெற்ற அக்கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல் ஒன்றும், 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல் மற்றொன்றுமாக இரு தீர்மானங்கள். இரண்டையும் ஊர்ச்சபையினரே, அரசன் அனுப்பிய அதிகாரி ஒருவர் உடனிருக்க, கூடிப் பேசி எடுத்திருக்கின்றனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் வெங்கையா இவற்றை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். பின்னர் வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இவற்றை விரிவாக விளக்கினார். 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, பிரதமரின் உரையிலும் உத்திரமேரூர் இடம்பெற்றது.

“அது கோயில் அல்லவா, நாம் போகலாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அங்குச் செல்வது வழிபாட்டிற்கு அன்று, வரலாற்றைப் படிப்பதற்கு. கல்வெட்டுகள் வெளிச்சுவரில் உள்ளன. அவ்விடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச் சின்னம். பிற சமயத்தாரின் வழிபாட்டிற்கு இடையூறு நேராமல், அடக்கத்துடன் பார்த்துவிட்டு வருவது நம் மார்க்கம் கற்பிக்கும் பண்பே ஆகும். நல்ல நீதி எவரிடம் இருந்தாலும் அதை நல்லதென ஏற்பதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாழ்விலேயே சான்று உண்டு. நபித்துவத்திற்கு முன் மக்கத்துத் தலைவர்கள் கூடி, அநீதிக்கு உள்ளானவருக்குத் துணை நிற்பதாகச் செய்துகொண்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையை, நபியான பின்பும் அவர்கள் புகழ்ந்தே பேசினார்கள்.

யார் நிற்கலாம்?

921-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்ற பிரிவு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களை மட்டுமே ஓலையில் எழுத வேண்டும். அத்தகுதிகள் யாவை?

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தீர்மானம் இதனை 30 முதல் 60 வரை என்று வைத்திருந்தது; அனுபவத்தைக் கண்டபின் மாற்றியிருக்கின்றனர். மறைகளைக் கற்றிருக்க வேண்டும். அரைக்கால் வேலி நிலமே உடையவராயினும் கூடுதல் கல்வி உடையவரானால் ஏற்கலாம். காரியங்களை நடத்தும் திறமை வேண்டும். நேர்மையான வழியில் ஈட்டிய பொருளும் தூய நடத்தையும் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் எந்த வாரியத்திலும் பொறுப்பு வகித்தவராக இருத்தல் கூடாது.

கடைசி விதியைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறை பொறுப்பில் இருந்தவர், எவ்வளவு நல்லவரானாலும், மூன்று ஆண்டுகள் ஒதுங்கி இருந்தே தீர வேண்டும். நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும் நோய்க்கு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூரார் மருந்து கண்டிருக்கின்றனர்.

யாருக்குத் தடை?

தகுதிகளைவிடத் தடைகளின் பட்டியலே நம்மை மிகுதியாகச் சிந்திக்க வைக்கிறது. பிறர் பொருளைக் கவர்ந்தவர், பெரும் பாவங்களைச் செய்தவர், பொய்யெழுத்து எழுதியவர் முதலியோருக்குத் தடை உண்டு. அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இடம்பெறுபவர், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டும் அல்லர். அவருடைய தாயின் உடன்பிறந்த சகோதரியரின் மக்கள், அத்தை மக்கள், மாமன், தந்தையின் உடன்பிறந்தவர், தம் உடன்பிறந்தவர், மாமனார், மைத்துனர், மருமகன், தந்தை, மகன் என இரு பக்கத்து உறவினரும் வரிசையாகச் சொல்லப்பட்டு, அனைவருக்கும் தடை விதிக்கப்பட்டிருக்கிறது.

எம் மதரஸாவின் மூத்த மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்று இதனை விளக்கியபோது, ஒரு மாணவர் கேட்டார்: “ஹஜ்ரத், ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்றல்லவா நாம் ஓதுகிறோம்? கணக்குத் தராதவர் ஒருவர் என்றால், அவருடைய மாமனார் என்ன பாவம் செய்தார்?”

நியாயமான கேள்வி. மறுமையின் விசாரணையில் ஒருவர் பாவத்தை மற்றவர்மீது சுமத்துவது இல்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இங்கே பேசப்படுவது பாவமும் தண்டனையும் அன்று, பொதுப்பணத்தின் பாதுகாப்பு. கணக்குத் தராதவரின் மைத்துனர் அடுத்த ஆண்டு பொறுப்பிற்கு வந்தால், பழைய கணக்கை அவர் கேட்பாரா? பழைய ஏட்டைத் திறப்பாரா? உறவு அவர் கையைப் பிடித்துக்கொள்ளும். கணக்குத் தராதவருக்கோ, உறவினர் அனைவரும் வீட்டுக்கு வந்து, “உன்னால் எங்கள் பெயரும் போகிறது, கணக்கைக் கொடுத்துத் தொலை” என்று நெருக்குவர். ஊர் கேட்டுப் பெற முடியாத கணக்கை உறவு கேட்டுப் பெற்றுவிடும். இதனைச் சொன்னபோது மற்றொரு மாணவர், “அப்படியென்றால் எங்கள் ஊர் ஜமாஅத்தில் பாதிப் பேர் நிற்க முடியாது, ஹஜ்ரத்” என்றார். எல்லாரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பில் வருத்தமும் கலந்திருந்தது.

கணக்கெழுதுபவருக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கெழுத வேண்டும். அவர் தம் கணக்கைச் சபையின் பெரியோரிடம் ஒப்படைத்து, குற்றமற்றவர் என அவர்கள் ஏற்ற பின்பே மீண்டும் அப்பணிக்கு வரலாம்.

குடமும் ஓலையும்

தேர்ந்தெடுக்கும் முறை குடவோலை எனப்படும். தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, அக்கட்டுகளைக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாகச் சபையார் அனைவரும் கூடியிருப்பர். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரியுமாறு உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். அதனை நடுவராக இருப்பவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல்களுக்கிடையே வேறோர் ஓலை ஒளிந்திருக்க இடமில்லை அல்லவா! அவர் உரக்கப் படித்த பின், அங்குள்ள நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிப்பர். அதன் பிறகே பெயர் ஏற்கப்படும்.

இவ்வாறு தேர்வான 30 பேரில், முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றிய, கல்வியிலும் வயதிலும் மூத்தவர் 12 பேர் ஆண்டு வாரியத்திற்கு அமர்த்தப்படுவர். 12 பேர் தோட்ட வாரியத்திற்கு. 6 பேர் ஏரி வாரியத்திற்கு. பொன் வாரியம் முதலியவையும் உண்டு. பதவிக் காலம் 360 நாள்கள். இடையில் குற்றம் வெளிப்பட்டால் அப்போதே நீக்கம்.

சீட்டுக் குலுக்கிப் பொறுப்பைத் தீர்மானிப்பது நமக்குப் புதிதன்று. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதை, எழுதுகோல்களை எறிந்து தீர்மானித்த செய்தி ஆலு இம்ரான் அத்தியாயத்தில் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது துணைவியரிடையே சீட்டுக் குலுக்கியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தகுதியில் ஒத்தவர் பலர் இருக்கையில், எவர் மனமும் புண்படாமல் முடிவு காண்பதற்கு இது ஒரு வழி. உத்திரமேரூரில் சீட்டு வருவதற்கு முன் தகுதி வந்துவிடுகிறது என்பதை மறந்துவிடலாகாது. தகுதியற்றவரின் பெயர் குடத்திற்குள் போவதே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும்

வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் பேசுவது நேர்மையாகாது. இந்தச் சபை ஊர் மக்கள் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. நிலமும் மறைக்கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அங்கு இடம். வயலில் உழைத்தவர்க்கும், கைவினைஞர்க்கும், பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. இன்று அதே உத்திரமேரூரில் வயது வந்த ஒவ்வோர் ஆணும் பெண்ணும் வாக்களிக்கின்றனர் என்பதே பெரும் மாற்றம்.

இஸ்லாம் இவ்வாசலை முன்பே திறந்து வைத்தது. ‘அஷ்ஷூரா’, அதாவது கலந்தாலோசனை என்னும் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயம் அமைந்திருக்கிறது. தம் காரியங்களைக் கலந்து பேசி முடிப்பது இறைநம்பிக்கையாளரின் பண்பு என்று அதில் கூறப்படுகிறது. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு மதீனாவைப் பகைவர் சூழ வந்தபோது, அகழி வெட்டலாம் என்று யோசனை கூறியவர் பாரசீகத்திலிருந்து வந்த, அடிமையாய் வாழ்ந்த ஸல்மான் (ரலி) அவர்கள். ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனம் கலங்கி நின்ற வேளையில், அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஆலோசனையை ஏற்றே நபி (ஸல்) அவர்கள் செயற்பட்டார்கள். இத்தகைய மரபுக்கு உரியவர்கள் நாம். நம் மஹல்லாக் கூட்டங்களில் வறியவரின் குரலும் பெண்களின் கருத்தும் எந்த அளவு கேட்கப்படுகின்றன என்பதை, அந்தக் கற்சுவர் முன் நின்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

ஏரியும் பறவைகளும்

ஊர்ச்சபையின் உழைப்பு எங்கே போயிற்று என்று அறிய விரும்பினால், உத்திரமேரூர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் எனப் பெயர் பெற்ற பேரேரி அது. ஏரியில் படியும் வண்டலை அகற்றுவதற்காகப் பொருள் வைத்த செய்திகள் அவ்வூர்க் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. ஒருவர் அறம் செய்து வைத்த பொருளை, சபை பொறுப்பேற்று, அதன் வருவாயில் ஆண்டுதோறும் பணி செய்தது. நம் வக்ஃபு முறையை அறிந்தவர்க்கு இவ்வேற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

அங்கிருந்து தென்கிழக்கே சிறிது தொலைவில் வேடந்தாங்கல் இருக்கிறது. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அனுபவத்தில் அறிந்த அவ்வூர் உழவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தனர். ஆங்கிலப் படைவீரர் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்று எழுத்து வழங்கினார். 2022-இல் இவ்விடம் உலகளாவிய ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை பொய்க்காத ஆண்டுகளில், மரம் தெரியாமல் பறவைகள் அமர்ந்திருக்கும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாயில்லா உயிர்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் மறைக்கருத்தை, அங்கே விளக்கம் இன்றியே அவர்கள் உணர்ந்துகொள்வர்.

முக்கூடலின் மருத்துவமனை

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம். மழைக்காலத்து நீர் நிறைந்து ஓடுகையில் மூன்று ஆறுகளின் சங்கமம் அழகிய காட்சி. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் ஒரு கல்விச்சாலையும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் குறிக்கப்படுகின்றன. ஆதுலர் சாலை என்றால் நோயாளிகளுக்கான மருத்துவமனை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், பணிப்பெண்டிர், மூலிகை கொணர்வோர் ஆகியோருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் எழுதப்பட்டுள்ளன.

அதற்கு முன்பே, 10-ஆம் நூற்றாண்டில், பக்தாதில் அளுதுத் தவ்லா நிறுவிய மருத்துவமனை புகழ்பெற்றிருந்தது. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, வக்ஃபு வருவாயில் பல நூற்றாண்டுகள் இயங்கியது. பாலாற்றங்கரையிலும் நைல் நதிக்கரையிலும் மனிதர் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றனர்: இரக்கம் மட்டும் போதாது, எந்த வருவாயிலிருந்து, யாருக்கு, எவ்வளவு என்று எழுதி வைத்தால்தான் தருமம் தலைமுறை கடந்து நிற்கும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனமாக அமைந்திருப்பதன் பொருளும் இதுதான் அல்லவா?

வாலாஜாபாத் கூறும் பாடம்

திருமுக்கூடலிலிருந்து பாலாற்றைக் கடந்து வடமேற்கே சென்றால் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். 1749 முதல் 1795 வரை நவாபாக விளங்கிய அவர் கல்வியை நேசித்தவர், கொடையாளர். சேப்பாக்கம் அரண்மனையும், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலும் அவர் காலத்தின் சின்னங்கள். ஆனால் கடன் அவரைச் சூழ்ந்தது. போர்ச்செலவுக்காகக் கம்பெனியிடமும், அதன் ஊழியர்களிடம் தனித்தனியாகவும் வாங்கிய கடனுக்கு வட்டி ஏறியது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கப்பட்டது. 1763-இல் செங்கற்பட்டுச் சீமையே ஜாகீராகக் கம்பெனிக்குப் போயிற்று. உத்திரமேரூரும் அச்சீமையைச் சேர்ந்ததே. 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இக்கடன்களின் ஊழலைக் கண்டித்து நெடிய உரை நிகழ்த்தினார். 1801-இல் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போன பின் விசாரணைக் குழு அமைத்துப் பார்த்தபோது, கடன் கொடுத்ததாகக் கூறியோரின் கோரிக்கைகளில் மிகப்பெரும் பகுதி ஏற்கத்தக்கதன்று எனத் தள்ளப்பட்டது. பொய்க்கணக்கை மறுத்துக் காட்ட மெய்க்கணக்கு கையில் இல்லாதபோது, வாளும் கொடியும் இருந்தும் நாடு போயிற்று!

காஞ்சிபுரத்திற்கு வடக்கே உள்ள புள்ளலூருக்கும் சென்று வருவது நல்லது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் படையை அங்கே முறியடித்தனர். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் அப்போரில் பெயர் பெற்றன. காஞ்சியிலேயே இருந்த தளபதி மன்றோ, தக்க நேரத்தில் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மறு ஆண்டு, 1781-இல், அதே நிலத்தில் மீண்டும் போர் நடந்தது. அப்போரில் வீழ்ந்த ஆங்கில அதிகாரிகளுக்கான நினைவுத்தூண்கள் இன்றும் வயல்களுக்கிடையே நிற்கின்றன.

நம் மஹல்லாவுக்கு என்ன?

இவ்வளவு தொலைவு சென்று இத்தனை கற்களைப் பார்த்து என்ன பயன் என்றால், நம் ஊரில் நாம் செய்ய வேண்டியதைத் தெரிந்துகொள்வதே பயன்.

பொறுப்பு என்பது அமானத். அபூதர் (ரலி) அவர்கள் பதவி கேட்டபோது, அது அமானத் என்றும், அவர் அதற்கு வலுவற்றவர் என்றும் அன்புடன் சொல்லி நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஜகாத் வசூலிக்கச் சென்று வந்த ஒருவர், ‘இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது’ என்று பிரித்து வைத்தபோது, தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று மிம்பரில் நின்றே கண்டித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் ஆளுநரை நியமிக்கும்போதே அவருடைய சொத்தைக் குறித்து வைத்ததாகவும், அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருந்தால் விசாரித்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

இன்று எத்தனை ஊர்களில் பள்ளிவாசல் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஜமாஅத்தார் முன் படிக்கப்படுகிறது? கணக்குக் கேட்டவரைக் குழப்பவாதி என்று ஒதுக்கிய ஊர்கள் உண்டு. கணக்கைச் சரியாக எழுதி வைத்திருந்தும் வெளியே காட்டாததால், நல்லவர்கள் வீண்பழிக்கு ஆளான ஊர்களும் உண்டு. இரண்டிலும் நட்டம் சமுதாயத்துக்கே. 1995-இல் இயற்றப்பட்டு 2025-இல் திருத்தப்பட்ட வக்ஃபு சட்டமும், முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்திடம் கணக்குத் தர வேண்டும் என்றே விதிக்கிறது. தவறுவோரை நீக்கவும் அதில் இடமுண்டு. சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிட, அல்லாஹ்வுக்கு அஞ்சி முன்கூட்டியே செய்வது நமக்கு அழகு.

செய்ய வேண்டியவை மிகச் சிலவே. மாத வரவு செலவை எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள். ஆண்டுக் கணக்கை, நிர்வாகிகளுக்கு உறவினரல்லாத இருவரைக் கொண்டு சரிபார்க்கச் செய்யுங்கள். முந்தைய கணக்கு ஒப்படைக்கப்படாத வரை புதிய தேர்வை நடத்தாதீர்கள். ஒரு தவணை முடித்தவர் சில ஆண்டுகள் ஒதுங்கி, இளையவர்க்கு வழிவிடட்டும். வக்ஃபுப் பத்திரங்களின் படிகளை ஒரே வீட்டுப் பீரோவில் பூட்டி வைக்காமல் மூன்று இடங்களில் பாதுகாத்து வையுங்கள்.

பயணம் செல்வோருக்கு

காஞ்சிபுரம், செங்கற்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி ஆகிய ஊர்களிலிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்துகள் உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். கோடையைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் செல்வது நலம். கல்வெட்டைப் பிற்பகலுக்குள் பார்த்துவிடுங்கள்; ஏரிக்கும் பறவைகளுக்கும் மாலை ஏற்றது. புள்ளலூருக்குத் தனியே ஒரு நாள் ஒதுக்குங்கள். தொழுகை விரிப்பும் உளூவுக்குத் தண்ணீரும் உடன் இருக்கட்டும். கல்வெட்டின் மீது சுண்ணாம்போ மையோ தடவிப் படிக்க முயலவேண்டாம். பிள்ளைகள் பெயர் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன், நூலகத்திலிருந்து கல்வெட்டின் பாடத்தை எடுத்து வீட்டில் ஒருமுறை எல்லாரும் கூடிப் படித்துவிடுங்கள். எழுத்தின் வடிவம் புரியாவிடினும், செய்தி தெரிந்திருந்தால் சுவர் பேசும்.

உத்திரமேரூரார் தம் விதிகளை ஓலையில் எழுதி உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. வருவோர் போவோர் எல்லாரும் காணும் சுவரில் வெட்டி வைத்தனர். அதனால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் அவர்களது நேர்மைக்கு அக்கல் சாட்சி சொல்கிறது. நம் கணக்கையோ, நாம் மறைத்தாலும் மறைக்காவிட்டாலும், எழுதிக்கொண்டிருக்கும் வானவர்கள் இருக்கின்றனர். அந்த ஏடு விரிக்கப்படும் நாளில் முகம் மலர நிற்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும், நம் மஹல்லாக்களின் பொறுப்பாளர்களுக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.